குழந்தை நோய்ப் பெயர்களும் குறியறிதலும்

மொழி பயிலாக் குழவி தன் நோயைத் தானே உரைக்க வல்லதன்று. காண்பார் தேரும் குறிகளே அதற்குச் சான்றாவன. சித்த மருத்துவம் நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், சிறுநீர் என எண்வகைத் தேர்வுகளை வகுத்துள்ளது. இவற்றுள் மொழி என்பது குழவியிடத்து அழுகையாகவே அமையும். குழந்தை மருத்துவம் கூறும் நூல்களைப் பாலவாகடம் என்பர். அந்நூல்களிலும் மக்கள் வழக்கிலும் பயிலும் நோய்ப் பெயர்கள் குறியறிதற்கு எத்துணை உதவுகின்றன என்பதை ஈண்டு ஆராய்வோம்.

சில பெயர்கள் குறியையே சுட்டி நிற்கின்றன. தொடர்ந்து எழும் இருமல் கக்கலில் முடிதலின் கக்குவான் எனப்பட்டது. தொண்டையில் சாம்பல் நிறப் படலம் படர்ந்து மூச்சைத் தடுப்பது தொண்டை அடைப்பான். மேனியெங்கும் மணலை வாரி இறைத்தாற்போல் தடிப்புத் தோன்றுவது மணல்வாரி. இப்பெயர்களை அறிந்தார் நோயையும் ஓரளவு அறிந்தாராவர். ஆயினும், பிறந்து சில திங்களே ஆன குழவிக்குக் கக்குவான் நோயில் இருமல் மிகாது, மூச்சு இடையிடையே நின்றுபோதலே குறியாதலும் உண்டு. ஆகவே குறிப்பெயரும் முற்ற முடிந்ததன்று.

வேறு சில பெயர்கள் கருதப்பட்ட காரணத்தைச் சுட்டுவன. மாந்தம் என்பது மந்தம் என்பதனோடு தொடர்புடையது. செரியாமையைக் காரணமாகக் கொண்டது. காய்ச்சல், கழிச்சல், இசிவு எனத் தம்முள் வேறான பலவும் அவ்வொரு பெயருள் அடங்கின. பறவையின் நிழல் படுதலால் வருவதெனக் கருதப்பட்டது புள்தோடம். கழிச்சலால் நீரிழந்து, கண் குழிந்து, உச்சிக்குழி தாழ்ந்த குழவியைத் தோடம் தாக்கியதென்று அமைந்துவிடின், நீரூட்டிக் காத்தற்குரிய பொழுது கழிந்துவிடும். வினா எழுமுன்னரே விடை கூறிவிடுதலே இத்தகைய பெயர்களின் குறை.

உலக நலவாழ்வு நிறுவனமும் யுனிசெப்பும் 1990களில் வகுத்த முறை, நோயின் பெயரை முதற்கண் வினவுவதில்லை. பாலோ நீரோ பருக இயலாமை, உண்டவை யாவும் வாந்தியாதல், இசிவு, உணர்வு மங்கிய சோர்வு ஆகியவற்றை இடர்க்குறிகளாகக் கொண்டு, இவற்றுள் ஒன்று காணினும் உடனே மருத்துவமனைக்கு அனுப்புக என்கிறது. அமைதியாக உள்ள குழவியின் மூச்சை ஒரு நிமிடம் முழுதும் எண்ணுதல் வேண்டும். இரு திங்கட்குட்பட்ட குழவிக்கு 60, ஓராண்டு நிரம்பும்வரை 50, ஐந்தாண்டு நிரம்பும்வரை 40 என்னும் அளவை எட்டினும் மிகினும் அது விரைமூச்சாம். இருமலோடு விரைமூச்சுக் காணின் நுரையீரல் அழற்சியை ஐயுறல் வேண்டும்.

எனவே, மருத்துவச் சொற்களைத் தொகுப்போர் மாந்தம் முதலியவற்றிற்குக் ‘குழந்தை நோய்வகை’ என்றளவில் பொருள் எழுதி அமைதல் போதாது. எவ்வெக்குறிகள் அச்சொல்லால் வழங்கப்பட்டன என்பதையும் உடன் குறித்தல் வேண்டும். தாய் கூறும் சொல்லினின்று குழவியின் உண்மைக் குறியை மருத்துவர் உணர்தற்கு அதுவே வழியாம் என்பது எம் கருத்து.