கீழாநெல்லியும் காமாலை வைரஸும்

இரண்டு மழை நன்றாகப் பெய்துவிட்டால் போதும். சாத்தூர், சிவகாசிப் பக்கத்து வரப்புகளில் கீழாநெல்லி தானே முளைத்துவிடும். ஒரு செடியைப் பிடுங்கிக் கிளையைத் திருப்பிப் பாருங்கள். இலைகளின் அடியில் கடுகு போன்ற காய்கள் வரிசையாகத் தொங்குவதைக் காணலாம். பெயர்க் காரணம் அதுவே. நெல்லி மரத்தின் இனத்தைச் சேர்ந்த இச்சிறு செடியை அரைத்து, மோரில் கலக்கி வெறும் வயிற்றில் குடித்தால் மஞ்சட்காமாலை போய்விடும் என்பது நம் ஊர்களில் பலரும் அறிந்த வைத்தியம்.

போகிறதா? பெரும்பாலும் போகத்தான் செய்கிறது. செடிதான் அதைப் போக்கியதா என்பது வேறு கேள்வி.

மஞ்சட்காமாலை என்பது ஒரு நோயன்று, நோயின் அடையாளம். இரத்தத்தில் பித்தநிறமி மிகுந்தால் கண்கள் மஞ்சளாகும். கல்லீரலைத் தாக்கும் வைரஸ்கள் இதற்கு முக்கியமான ஒரு காரணம். அவற்றுள் ஏ, ஈ என்னும் இரண்டும் அசுத்தமான குடிநீர் வழியே பரவுபவை. தண்ணீரை விலைக்கு வாங்கிக் குடங்களில் சேர்த்து வைக்கும் வீடுகள் இதை மறக்கக்கூடாது. இவ்விரு வைரஸ்களையும் நம் உடலே பெரும்பாலும் சில வாரங்களில் வென்றுவிடுகிறது. வெறும் மோரைக் குடித்தவரும் குணமடைவார். கீழாநெல்லி கலந்த மோரைக் குடித்தவரும் குணமடைவார். நற்பெயர் மட்டும் செடிக்குப் போய்ச் சேர்கிறது. (கருவுற்ற பெண்களுக்கு ஈ வைரஸ் உயிருக்கே ஆபத்தாகலாம். அவர்களை வைத்து நாட்டு மருந்தைச் சோதித்துப் பார்க்கக் கூடாது.)

பி வைரஸின் கதை வேறு. அது இரத்தத்தின் மூலமும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து சேய்க்கும் பரவுவது. பச்சிளங் குழந்தையாக இருக்கும்போது தொற்றினால் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அது உடலிலேயே தங்கிவிடுகிறது. பல ஆண்டுகள் எந்தத் தொல்லையும் தெரியாது. பிறகு சிலருக்குக் கல்லீரல் சுருங்கும். சிலருக்குப் புற்றுநோயும் வரும். கீழாநெல்லிக்கு உண்மையான சோதனை இங்கேதான்.

அச்சோதனையைத் தொடங்கியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜனும் அவருடைய குழுவினரும். கீழாநெல்லி, கரிசலாங்கண்ணி ஆகியவற்றின் சாறுகள் பி வைரஸின் மேலுறைப் புரதத்தைக் கண்ணாடிக் குழாயில் செயலிழக்கச் செய்வதை 1982இல் அவர்கள் வெளியிட்டனர். பி வைரஸைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்க விஞ்ஞானி புளூம்பெர்க்கும் இதில் ஆர்வம் கொண்டார். வைரஸ் தன்னைப் படியெடுக்க உதவும் நொதியைக் கீழாநெல்லிச் சாறு தடுக்கிறது என்று அவருடைய குழு 1987இல் தெரிவித்தது.

1988இல் லான்செட் இதழில் வந்த கட்டுரைதான் உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது. உடலில் பி வைரஸைச் சுமந்துகொண்டிருந்தவர்களில் 37 பேருக்குக் கீழாநெல்லிப் பொடி 200 மில்லிகிராம் வீதம் நாளைக்கு மூன்று வேளை, 30 நாள் கொடுக்கப்பட்டது. 23 பேருக்கு மருந்தில்லாத வெற்றுப் பொடி. முடிவில் முதல் கூட்டத்தில் 22 பேரின் இரத்தத்தில் வைரஸ் புரதம் மறைந்திருந்தது. இரண்டாவது கூட்டத்தில் ஒருவருக்கு மட்டுமே! நம் வரப்பு ஓரத்துச் செடி நோபல் விஞ்ஞானியின் கைக்கு எட்டியதென்றால் யாருக்குத்தான் பெருமையாக இராது?

ஆனால் ஒரு சோதனை மெய்யானால் மற்றோர் இடத்திலும் அதே விடை வர வேண்டுமல்லவா? 1990இல் தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள், பலனில்லை. 1994இல் வெளியான நியூசிலாந்துச் சோதனையிலும் பலனில்லை. 2011இல் இவ்வினச் செடிகள் பற்றிய 16 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த அறிஞர்கள், வெற்றுப் பொடியைவிட இவை மேலானவை என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்றனர்.

முதலில் கண்ட வெற்றி எங்கே போயிற்று? செடிகளில் வேறுபாடு இருக்கலாம். கீழாநெல்லி என்ற பெயரில் பறிக்கப்படுபவை பல இனங்கள். அவற்றிலுள்ள ஃபில்லாந்தின் போன்ற பொருள்களின் அளவு ஒன்றுபோல் இருப்பதில்லை. ஆயினும் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. கீழாநெல்லியில் துவர்ப்புத் தரும் டானின்கள் உண்டு. ஆவாரம்பட்டையில் தோல் பதனிடுகிறார்களே, அதே வகைப் பொருள்கள்தாம். டானின் எந்தப் புரதத்தைக் கண்டாலும் ஒட்டிக்கொள்ளும். நொதியும் புரதம், வைரஸின் மேலுறையும் புரதம். ஆகவே குழாய்க்குள் டானினைக் கொட்டினால் எதுவும் செயலிழக்கலாம். நாம் விழுங்கும்போது அது உணவிலுள்ள புரதங்களோடு சேர்ந்துகொள்கிறது. கல்லீரல்வரை போய்ச் சேருவது சொற்பமே. மேலும் பி வைரஸ் தன் மரபுப் பொருளின் ஒரு படியைக் கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள்ளேயே பதுக்கி வைத்திருக்கும். இன்றைய டெனோஃபோவிர் மருந்துகூட வைரஸ் பெருகுவதை அடக்குகிறதே தவிர, அந்தப் பதுக்கலை அழிப்பதில்லை.

கண் மஞ்சளானால் முதலில் எந்த வைரஸ் என்று இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி பி வைரஸுக்கான பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. பிறந்த குழந்தைக்கோ முதல் 24 மணி நேரத்திற்குள் தடுப்பூசி போட்டாக வேண்டும்.