ஆபிரிக்க மீன்குஞ்சுகளும் பன்வில நீரும்

கண்டி நகரிலே வளர்ப்பு மீன் விற்கும் கடைகளில், மஞ்சளும் நீலமுமாய் மின்னும் ஆபிரிக்கச் சிக்லிட் குஞ்சுகளைக் கண்டோர் வெறுங்கையுடன் திரும்புதல் அரிது. இரு விரற்கடை நீளமேயுள்ள அவற்றைப் பையில் ஏந்திப் பன்விலவுக்கு பஸ் ஏறுமுன், அவை எத்தகைய நீருக்கு உரியவை, வளர்ந்தபின் எத்தகைய குணத்தைக் கொள்ளும் என்பவற்றை அறிந்துகொள்ளுதல் நலம்.

இவற்றுட் பெரும்பாலானவை மலாவி ஏரிக் குலத்தவை. அவ்வேரி நீர் காரத்தன்மை வாய்ந்தது, அதன் பீ.எச். அளவு 8 ஐ அண்மியது. நக்கிள்ஸ் மலைச்சாரலிலிருந்து இறங்கும் நமது பீலித் தண்ணீரோ மென்னீர். சவர்க்காரம் அதிற் சட்டென நுரைப்பதே சான்று. சிலர் கறியுப்பை அள்ளிப் போட்டுவிட்டு நீர் கடினமாகிவிட்டதென எண்ணுகின்றனர். உப்பினால் நீர் உவர்க்குமேயன்றிக் கடினமாகாது. பரிகாரம் அயலிலேயே உண்டு. தேயிலை மலைகளுக்கு இடும் டொலமைற்று, திகனவில் வெட்டியெடுக்கப்படும் கல்தான். அதன் சிறு துண்டுகளை நன்கு கழுவி, நீர் வடிகட்டியினுள் இட்டால், அவை மெல்லக் கரைந்து நீரைப் பதப்படுத்தும். வெப்பம் 24 முதல் 28 பாகை வரை வேண்டுமாதலால், மார்கழி, தை மாதத்து இரவுகளில் மின்சூடாக்கியும் வேண்டும்.

நான்கு அடி நீளமுள்ள, 200 லீற்றர் கொள்ளும் தொட்டி ஏற்றது. குஞ்சுகள் மண்ணைத் தோண்டும் பழக்கமுடையன. ஆகவே கற்களைக் கண்ணாடித் தளத்திலேயே அடுக்கி, அதன்பின் மணலைப் பரப்புதல் வேண்டும். அன்றேல் கல் சரியும். கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் வடிகட்டியிற் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். அதுவரை பொறுக்க மனமில்லாதோர் இம்மீன்களை நாடாதிருப்பதே மேல்.

அழகிய சோடி ஒன்று போதுமென்பது கப்பி மீன் வளர்த்தோரின் கணக்கு. இங்கே அது பலியாது. குஞ்சுப் பருவத்தில் ஆண் பெண் பேதம் புலப்படாது. வளர்ந்த ஆண்கள் இரண்டே இருப்பின் ஒன்று மற்றதைத் துரத்தியே கொல்லும். ஒரே பருமனுள்ள எட்டுப் பத்துக் குஞ்சுகளை ஒருமிக்க விட்டால் சினம் பலர்மீதும் பங்கிடப்படும். பின்னர் மிகையான ஆண்களைப் பிரித்து விடலாம். பொன்னிறத்திற் கருங்கோடுகள் ஓடும் ஔராட்டஸ் குஞ்சைப் போல் மனங்கவர்வது பிறிதில்லை. எனினும் அதன் ஆண் வளர்ந்ததும் கருமை அடைந்து பெரும் போக்கிரியாகும். முதன்முதலில் வளர்ப்போர்க்கு, ஓரளவு சாதுவான மஞ்சள் லபிடோக்குரோமிசையே நாம் சொல்லுவோம்.

பாறைப் பாசியைச் சுரண்டியுண்ணும் இனங்களுக்குப் புழுவும் இறைச்சியும் ஆகா. வயிறு வீங்கி இறக்கும். அவித்த பசளிக்கீரையை நறுக்கியிடலாம்.

தாய்மீன் முட்டைகளை வாயினுள் அடக்கி, ஏறக்குறைய மூன்று வாரம் உண்ணாதிருந்து குஞ்சு பொரிக்கும் காட்சி, வீட்டிலுள்ள சிறுவர்க்குப் பெருவிருந்து. தொல்லையும் அப்போதே தொடங்குகின்றது. ஓராண்டில் தொட்டி நிரம்பிவிடும். எஞ்சியவற்றை ஹுலு கங்கையில் விட்டுவிட்டால் புண்ணியமென்று எண்ணத் தோன்றும். அந்த ஆறு மகாவலியுடன் சேர்வது. விக்டோறியா நீர்த்தேக்கத்துக்குச் செல்வது. 2010 இல் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்ட நக்கிள்ஸ் பிரதேசத்தின் ஓடைகளிலோ, இலங்கையன்றி வேறெங்கும் இல்லாத மீன்கள் வாழ்கின்றன. பாறைப் பாசியை மேயும் லேபியோ பிஷரி அவற்றுள் ஒன்று. வந்தேறி மீனுக்கும் அதே பாசிதானே உணவு!

1952 இல் இங்கு கொண்டுவரப்பட்ட திலாப்பியாவும் ஆபிரிக்கச் சிக்லிட்டே. அதுவும் வாயில் அடைகாப்பதே. எளியோரின் கறிச்சட்டிக்கு அது செய்த உதவியை மறுப்பதற்கில்லை. ஆயினும் இன்று அது இல்லாத குளத்தைக் காண்பது கடினம். ஆபிரிக்காவிலேயே, விக்டோறியா என்னும் பெயருடைய ஏரியில் 1950களில் விடப்பட்ட நைல் பேர்ச் என்னும் பெருமீன், பின்னர் அவ்வேரிக்கே உரிய சிக்லிட் இனங்கள் பலவற்றை அழித்தொழிக்கக் காரணமாயிற்று.

ஆகவே மிகுந்த குஞ்சுகளை வாங்கிய கடைக்கே கொடுத்துவிடுங்கள். அன்றேல் தொட்டி வைத்திருக்கும் நண்பருக்கு வழங்குங்கள். வாரந்தோறும் மாற்றியெடுக்கும் நீரையும் வடிகானில் ஊற்றாது மரக்கறிப் பாத்திக்கு ஊற்றுங்கள். கண்ணுக்கெட்டாத குஞ்சு ஒன்று அதனோடு ஓடைக்குப் போய்விடக்கூடும். கத்தரிக்கோ அந்நீர் நல்ல உரம்.