முனையில் ஒரு முடிச்சு

பாறையின் உச்சியைத் தொட்டதும் மனசு தளர்ந்துவிடும். உடம்பு களைத்திருக்கும், வெயில் சாய்ந்திருக்கும், சீக்கிரம் இறங்கினால் போதும் என்றிருக்கும். ராப்பலில், அதாவது கயிற்றைப் பிடித்து இறங்குவதில், கவனம் தப்புவது அப்போதுதான். ஏறும்போது கயிறு வெறும் காப்பு. கை நழுவினால்தான் அதற்கு வேலை. இறங்கும்போதோ முழு உடம்பும் கயிற்றில்தான் தொங்குகிறது. ஆகவே கீழே சொல்வதை வரிசை மாறாமல் செய்யுங்கள்.

முதலில் உங்களை ஆங்கரில், அதாவது பாறையில் உறுதியாகப் பதித்த பிடிமானத்தில், மாட்டிக்கொள்ளுங்கள். 120 செ.மீ. ஸ்லிங்கை (நாடா வளையத்தை) ஹார்னஸின் இடுப்பு, தொடைப் பட்டைகளின் முன்வளையங்கள் இரண்டுக்குள்ளும் நுழைத்து, அதன் கண்ணி வழியாகவே இழுத்து இறுக்குங்கள். நடுவாக்கில் ஒரு முடிச்சு போடுங்கள். மறுநுனியைத் திருகுப் பூட்டுள்ள காரபினரால் (கொக்கி வளையத்தால்) ஆங்கரில் மாட்டுங்கள். பூட்டியதைக் கண்ணால் பார்த்தால் போதாது, விரலால் அழுத்திப் பாருங்கள். ஏறி வந்த கயிற்றை அதற்குப் பிறகே அவிழ்க்கலாம். அவிழ்க்குமுன் அதை எதிலாவது மாட்டிவையுங்கள். கயிறு கைதவறிக் கீழே போய்விட்டால் இறங்க வழியில்லை.

அடுத்து, கயிற்றை ஆங்கர் வளையங்களுக்குள் கோத்து நடுப்பகுதியை வளையத்தில் நிறுத்த வேண்டும். 60 மீட்டர் கயிற்றில் 30 மீட்டர்தான் இறங்க முடியும். பெரும்பாலும் கயிற்றின் நடுவில் மையால் போட்ட அடையாளம் இருக்கும். நைந்துபோன முனையை யாராவது வெட்டியிருந்தால் அந்த அடையாளம் நடுவில் இருக்காது. சந்தேகம் வந்தால் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்து அளந்துவிடுங்கள்.

இனி முனைகள். அவற்றில் முடிச்சு போடாமல் இறங்கக் கூடாது. அமெரிக்கப் பாறையேற்ற வீரர் பிராட் கோப்ரைட் உலகறிந்த திறமைசாலி. 2019 நவம்பரில் மெக்சிகோவின் எல் பொட்ரேரோ சிக்கோவில் அவரும் தோழரும் ஒரே கயிற்றின் இரு பக்கங்களில் ஒரே சமயத்தில் இறங்கினார்கள். இரு பக்கமும் சமமாக இல்லை. முனையில் முடிச்சும் இல்லை. குட்டையான பக்கத்தின் முனை அவருடைய இறங்கு கருவிக்குள்ளிருந்து உருவிக்கொண்டது. கோப்ரைட் இறந்துபோனார். ஒரு நிமிடத்தில் போடக்கூடிய முடிச்சு அது. கயிற்றைத் தன்மேலேயே மூன்று சுற்றுச் சுற்றி, முனையை அந்தச் சுற்றுகளுக்குள் நுழைத்து இறுக்குங்கள். முடிச்சுக்கு வெளியே ஒரு முழ நீளமாவது விடுங்கள். இரு முனைகளிலும் தனித்தனியாகப் போடுங்கள். சேர்த்துக் கட்டினால் கயிறு முறுக்கிக்கொள்ளும். பிறகு ‘ரோப்!’ என்று உரக்கக் கத்திவிட்டுக் கீழே எறியுங்கள்.

வளையத்திலிருந்து தொங்கும் கயிற்றின் இரண்டு இழைகளையும் இறங்கு கருவிக்குள் செலுத்தி, ஸ்லிங்கின் முடிச்சை ஒட்டிய கண்ணியில் காரபினரோடு மாட்டுங்கள். காரபினர் இரண்டு இழைகளையும் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். கருவிக்குக் கீழே, 6 மி.மீ. பொடிக்கயிற்று வளையத்தை இரண்டு இழைகளையும் சேர்த்து நாலைந்து சுற்றுச் சுற்றி, அதன் இரு கண்ணிகளையும் ஹார்னஸின் பிலே வளையத்தில், அதாவது இடுப்பு, தொடைப் பட்டைகளை இணைக்கும் முன்வளையத்தில், காரபினரால் பூட்டுங்கள். இது ஆட்டோபிளாக். ஆஸ்திரியரான கார்ல் புருசிக் 1931-இல் வெளியிட்ட முடிச்சின் உறவு இது. கையால் தள்ளினால் நகரும், பாரம் விழுந்தால் கயிற்றைக் கவ்விக்கொள்ளும். கல் விழுந்து நீங்கள் மயங்கினாலும் உங்களை நிறுத்திவிடும். இது நீண்டு கருவியைத் தொட்டால் கவ்வாமல் போகலாம். கருவியை ஸ்லிங்கில் தள்ளி மாட்டியது அதற்காகத்தான்.

ஆங்கரை விட்டு இப்போதே கழன்றுவிடாதீர்கள். முதலில் உடல் பாரத்தைக் கயிற்றில் இறக்குங்கள். ஸ்லிங் தொய்ய வேண்டும், ஆட்டோபிளாக் பிடிக்க வேண்டும். கூட வந்தவர் ஒருமுறை எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கட்டும். அதன்பிறகே ஆங்கர் காரபினரைக் கழற்றுங்கள். கூந்தலையும் துப்பட்டாவையும் சட்டைக்குள் செருகிக்கொள்ளுங்கள்; கருவிக்குள் சிக்கினால் நடுவழியில் விடுவிப்பது பெரும்பாடு.

இறங்குவது எளிது. கால்களை அகட்டி, பின்னால் சாய்ந்து, குதிக்காமல் நடந்து வாருங்கள். பிரேக் கை, அதாவது கருவிக்குக் கீழே கயிற்றைப் பிடித்திருக்கும் கை, கயிற்றை விடவே கூடாது.

கடைசி ஆளும் தரையைத் தொட்ட பிறகு இரண்டு முடிச்சுகளையும் அவிழ்த்துவிட்டுக் கயிற்றை இழுங்கள். மறந்தால் முடிச்சு மேலே போய் வளையத்தில் மாட்டிக்கொள்ளும்.

ராமநகரம், பாதாமி என்று கிளம்பும் நண்பர்களே, இதைப் படித்த கையோடு பாறைக்குப் போய்விடாதீர்கள். தரையில் நின்றபடியே, தெரிந்த பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க, கை தானாகச் செய்யும்வரை பழகுங்கள்.