புற்றுக் காளானின் ‘வேர்’ எங்கே போகிறது?

மழைக்குப் பின் காட்டோரத்தில் முளைக்கும் புற்றுக் காளானைச் சுற்றி மண்ணைத் தோண்டிப் பாருங்கள். தண்டு முடியாது, வேர்போல மெலிந்து கீழே இறங்கிக்கொண்டே போகும். அது போய்ச் சேரும் இடம், கறையான்கள் தம் எச்சத்தால் கட்டிய கடற்பஞ்சு போன்ற தோட்டம். மரத்தையும் சருகையும் முழுதாகச் செரிக்கும் வேலையை அவை அங்கே வளரும் பூஞ்சையிடம் விட்டிருக்கின்றன. சுமார் 3 கோடி ஆண்டுக் கூட்டு இது! அந்தப் பூஞ்சை விடும் காளான் அத்தனை ஆழத்திலிருந்து மண்ணைத் துளைத்து வரத்தான் குடையின் நடுவில் கெட்டியான கூர்முனை.

சமைப்பதற்காக மேலோடு ஒடித்துப் பறித்தால், அது புற்றுக் காளான்தானா என்று காட்டும் முக்கியமான தடயம் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். கொடிய நஞ்சுள்ள அமானிட்டா வகைகளின் அடியில் பை போன்ற உறை இருக்கும். அதுவும் மண்ணில்தான் மறைந்திருக்கும். அதனால் தோண்டியே எடுக்க வேண்டும். பிறகு குடையை வெள்ளைத் தாளில் இரவு முழுக்கக் கவிழ்த்து வையுங்கள். புற்றுக் காளான் உதிர்க்கும் தூள் இளஞ்சிவப்பு, அமானிட்டாவினுடையது வெள்ளை. பச்சையாக விழுந்தால் அது வாந்தி, பேதியில் தள்ளும் வேறொரு காளான்.

எல்லாம் பொருந்தினாலும், பறித்துப் பழகியவர் நேரில் பார்த்துச் சொல்லாமல் சமைக்காதீர்கள். அமானிட்டாவின் நஞ்சு கொதிக்கவைத்தாலும் அழியாது. வெள்ளிக் கரண்டி கறுத்தால்தான் நஞ்சு என்பதும் வெறும் நம்பிக்கையே.