தட்டில் படியும் வெள்ளை: சாம்பலுக்குப் போகாது, புளிப்புக்குப் போகும்

இயற்கை விவசாய இதழில் பாத்திரம் கழுவும் மெஷினுக்கு என்ன வேலைன்னு கேட்பீங்க. எங்க வாழைக்கு வந்த சேதத்தைச் சொன்னால் புரியும்.

விராலிமலைப் பக்கம் செம்மண்ணுக்குக் கீழே பாறைதான். எங்க போர்த் தண்ணியில் பருப்பு சீக்கிரம் வேகாது, சோப்பு நுரைக்காது. மகள் பிரசவத்துக்கு வந்தப்போ, அம்மாவுக்கு வேலை குறையட்டும்னு ஒரு டிஷ்வாஷர் வாங்கித் தந்தாள். பத்தே நாளில் டம்ளர், தட்டு எல்லாத்திலும் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளை. பவுடரைக் கூட்டிப் போட்டோம். வெள்ளையும் கூடியது. வீட்டில் அவங்க சாம்பல் போட்டுத் தேய்ச்சாங்க. அப்பவும் போகலை.

காரணம் இதுதான். தண்ணி பாறையிடுக்கில் கிடக்கும்போது கால்சியம், மக்னீசியம் உப்புகள் கரைந்து வரும். சூடு பட்டால் கரைந்திருந்த கால்சியம் சுண்ணாம்பாகப் பிரிந்து ஒட்டிக்கொள்ளும். வெந்நீர் அண்டாவின் அடியில் படிவதும், சொட்டுநீர்க் குழாயின் துளையை அடைப்பதும் பெரும்பாலும் இதே சுண்ணாம்புதான். குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லை என்றால் 600 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம்.

சாம்பல் காரம். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும், சுண்ணாம்பைத் தொடாது. சுண்ணாம்பைக் கரைப்பது புளிப்பு. அதனால் முதலில் சோதனை செய்யுங்க. வெள்ளை மேல் நாலு சொட்டு வினிகர் விட்டு, ஐந்து நிமிடம் கழித்துத் துடையுங்க.

• போய்விட்டால் அது சுண்ணாம்பு.
• வெறும் தண்ணியிலேயே வழவழவென்று போனால், கரையாத பவுடர். அளவைக் குறையுங்க.
• எதற்கும் போகாமல் கண்ணாடி மங்கியே இருந்தால், கண்ணாடியே அரிக்கப்பட்டிருக்கு. அதற்கு மருந்தில்லை.

சுண்ணாம்பு என்றால், கையால் கழுவுபவர்கள் புளிக்கரைசலிலோ எலுமிச்சைச் சாற்றிலோ பாத்திரத்தை அரைமணி நேரம் ஊறவைத்துத் தேய்த்தால் போதும். மெஷினில் புளி வேண்டாம், சக்கை வடிகட்டியை அடைக்கும். ஒரு கிண்ணம் வினிகரை மேல்தட்டில் நிமிர்த்தி வைத்து, பவுடர் போடாமல் வெந்நீரில் ஒரு தடவை ஓட்டுங்க. எப்போதாவது செய்தால் போதும். அடிக்கடி செய்தால் ரப்பர் கெடும். பிளீச்சிங் பவுடரோடு வினிகரை ஒருபோதும் சேர்க்காதீங்க, விஷவாயு வரும்.

இது வந்த வெள்ளையை எடுக்கும் வழி. வராமல் தடுக்க மெஷினுக்குள்ளேயே ஓர் ஏற்பாடு உண்டு. கால்சியத்தைப் பிடித்து வைக்கும் பிசின் மணிகள் உள்ளே இருக்கும். அவை நிரம்பியதும் உப்புத் தண்ணி அதைக் கழுவி வெளியே தள்ளும். அதற்குத்தான் உப்புப் போடச் சொல்றாங்க. நாங்களும் உப்பை நிரப்பி, நம்ம தண்ணிக்கு ஏற்ற மாதிரி அளவைக் கூட்டி வைத்தோம். தட்டு பளிச்சென்று ஆயிருச்சு.

ஆனால் அந்தக் கழிவு போனது கொல்லை வாழைக்கு. மூணு மாசத்தில் இலை ஓரமெல்லாம் தீய்ந்தது. வேறு எதையும் நாங்க மாற்றவில்லை. வாழை உப்பைத் தாங்காத பயிர். சோடியம் சேரச் சேர மண்ணும் இறுகும். தட்டிலிருந்து எடுத்ததை மண்ணில் கொட்டியிருந்தோம். உடனே அந்தக் கழிவை வாழைக்குப் போகாமல் திருப்பி, கிணற்றுக்கும் பயிருக்கும் தள்ளி ஓர் உறிஞ்சுகுழிக்கு விட்டோம்.

தீர்வு தலைக்கு மேலேயே இருந்தது. மழைத்தண்ணியில் சுண்ணாம்பு கிடையாது. 1,000 சதுர அடி மாடியில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 4,600 லிட்டர் விழும். சேதாரம் போக 3,700 லிட்டர் சேரும். மெஷின் ஒரு தடவைக்கு 10 லிட்டர் குடிக்கும் என்றால், ஒரே மழை 370 நாளைக்குக் காணும். ஐப்பசி மழையை, முதல் மழையை ஒதுக்கிவிட்டு, வடிகட்டி 5,000 லிட்டர் தொட்டியில் பிடித்தோம். மெஷினுக்கு மட்டும் தனிக்குழாய் போட்டோம். உப்பு அளவைக் கடைசிக்கு இறக்கியாச்சு, பவுடரும் பாதி போதும். மென்தண்ணியில் பவுடர் கூடினால்தான் கண்ணாடி அரிக்கும்.

மெஷின் இல்லாதவங்களும் ஒன்று செய்யலாம். சமையலறைத் தண்ணி எந்த மரத்துக்குப் போகுதுன்னு போய்ப் பாருங்க. இலை ஓரம் தீய்ந்திருந்தால், உரத்தைத் தேடும் முன் அந்தத் தண்ணியில் என்ன கலக்குதுன்னு பாருங்க.