மன்றோ என்னும் பெயரும் கழுகுச் சின்னமும்

கிழக்கேகோட்டையில் கடை வைத்திருக்கும் எனக்கு மன்றோ என்ற பெயர் பழக்கமானது. கொல்லம் பக்கம் அஷ்டமுடிக் காயலும் கல்லடா ஆறும் கூடுமிடத்தில் மன்றோ துருத்து இருக்கிறது. அந்தப் பெயரைச் சொன்னால் நம்மவர்கள், "சென்னையில் குதிரைமேல் சிலையாக இருக்காரே, அவர்தானே?" என்பார்கள். அவர் வேறு, இவர் வேறு.

சிலையாக நிற்பவர் சர் தாமஸ் மன்றோ. கிளாஸ்கோ நகரில் 1761-இல் பிறந்து, 1820 முதல் 1827 வரை சென்னை மாகாண கவர்னராக இருந்தவர். ரயத்துவாரி முறையோடு சேர்த்துப் பேசப்படுபவர். துருத்துக்குப் பெயர் தந்தவர் கர்னல் ஜான் மன்றோ. 1810-இல் திருவிதாங்கூர் ரெசிடெண்டாக வந்து, ராணி கௌரி லட்சுமி பாய் காலத்தில் 1811 முதல் 1814 வரை திவானாகவும் இருந்தார். மூன்றாவது ஒருவரும் உண்டு. 1781-இல் டச்சுக்காரரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்த சர் ஹெக்டர் மன்றோ. ஊர் திரும்பியவர் ஸ்காட்லாந்தின் ஃபைரிஷ் மலையுச்சியில் நாகப்பட்டினத்துக் கோட்டைவாசலை நினைவூட்டும் கல்வளைவுகளைக் கட்டினார். இன்றும் அவை நிற்கின்றன.

இந்தப் பெயர் எப்படி வந்தது? வட அயர்லாந்தில் ரோ என்றொரு ஆறு. அதன் கரையிலிருந்து வந்தவர்கள் என்ற பொருளில் கேலிக் மொழியில் ஏற்பட்ட பெயர் என்பது அக்குலத்தாரின் மரபுச் செய்தி. காவிரிக்கரையான் என்று நாம் சொல்வது மாதிரிதான். குலம் பெருகியதும் பெயர் மட்டும் போதவில்லை. ஆகவே நிலத்தின் பெயரைச் சேர்த்தார்கள். குலத்தலைவர் ஃபவுல்ஸ் மன்றோ. ஹெக்டர், நோவார் மன்றோ. நம் திவான், டீனினிக் மன்றோ.

அடுத்தது சின்னம். குலத்தலைவரின் கேடயத்தில் பொன்னிறத் தளத்தில் சிவப்புக் கழுகுத்தலை. "இறைவனுக்கு அஞ்சு" என்பது குலவாக்கு. ஸ்காட்லாந்துச் சட்டப்படி கேடயச் சின்னம் குடும்பம் முழுவதுக்கும் பொதுச் சொத்து அல்ல. ஒரே ஆளுக்கு உரியது. தம்பிமார் ஏதாவது வேறுபாடு செய்து பதிவு செய்யவேண்டும். இதைக் கவனிக்க லார்டு லயன் என்ற அதிகாரியும் நீதிமன்றமும் எடின்பரோவில் உண்டு. மற்றக் குலத்தார், தலைவரின் முடிச்சின்னமான கழுகைச் சுற்றி வார்ப்பட்டை போட்ட பேட்ஜை மட்டும் அணியலாம்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? போரில் முகம் கவசத்துக்குள் மறைந்திருக்கும். கேடயம் பார்த்துத்தான் ஆளை அறியவேண்டும். எங்கள் சமணத்திலும் இதே நியாயந்தான். 24 தீர்த்தங்கரர் திருவுருவங்களும் பெரும்பாலும் ஒன்றுபோல் இருக்கும். பீடத்திலுள்ள இலாஞ்சனைதான் அடையாளம். சங்கு என்றால் நேமிநாதர், சிங்கம் என்றால் மகாவீரர்.

பெயரிலும் அப்படியே. தமிழ்ச் சமணரில் நயினார் என்ற பெயர் பலருக்கும் உண்டு. வந்தவாசியா, திண்டிவனமா, ஆரணியா என்று ஊரைச் சேர்த்தால்தான் எந்த நயினார் என்று புரியும்.

வெளிமாநிலத்தில் வாழும் நாம் பள்ளிப் படிவத்தில் 'சர்நேம்' கட்டத்தைக் கண்டதும் அப்பா பெயரை எழுதிவிடுகிறோம். முதலில் உதிர்ந்துபோவது ஊரின் முதலெழுத்து. அடுத்த தலைமுறையில் தாத்தா பெயரே குடும்பப்பெயராக நின்றுவிடும். எந்த ஊர்த் தாத்தா என்று கேட்டால் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது. டீனினிக்கை விட்டுவிட்டதால்தானே நம் திவானையும் சென்னை கவர்னரையும் ஒரே ஆளாக்குகிறோம்? படிவத்தில் இடமில்லாவிட்டால் போகட்டும். வீட்டில் ஒரு நோட்டில் ஊர்ப்பெயர், குலதெய்வம், மூன்று தலைமுறைப் பெயர்கள் இவற்றை எழுதி, பிள்ளைகள் கையாலேயே ஒரு பிரதி எடுக்கச் சொல்லுங்கள்.