அம்மாவின் தொழிற்சாலை ஏன் மூடப்பட்டது?

நான் புக்கிட் மெர்தாஜாமில் வளர்ந்தவன். அம்மா பிறையில் உள்ள ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் 14 ஆண்டுகள் ஆபரேட்டராக வேலை செய்தார். விடியற்காலையில் எங்களுக்குப் பசியாறல் செய்து வைத்துவிட்டுத் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறுவார்.

நான் படிவம் நான்கில் படித்தபோது அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. அங்கு பொருள் வாங்கிய ஒரே பெரிய வாடிக்கையாளர், விலை மலிவான வேறொரு நாட்டுக்கு ஆர்டரை மாற்றிவிட்டார். "ஒரு பீஸ்கூட ரிஜெக்ட் ஆகலையே, நாங்க என்ன தப்பு செஞ்சோம்?" என்று அம்மா கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

இப்போது நான் வணிக நிர்வாகம் படிக்கிறேன். பாடத்தில் 'வியூக நோக்கு' என்ற சொல் வந்தபோதுதான் அந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது.

ஒரு நிறுவனம் முடிவெடுக்கும்போது எதை முதலில் பார்க்கிறது? அதுதான் வியூக நோக்கு. 1990இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஜான் நார்வரும் ஸ்டான்லி ஸ்லேட்டரும் 'சந்தை நோக்கு' என்பதை மூன்றாகப் பிரித்தார்கள்: வாடிக்கையாளரை அறிதல், போட்டியாளரைக் கவனித்தல், அந்தத் தகவலை நிறுவனத்தின் எல்லாப் பிரிவுகளும் பகிர்ந்து செயல்படுதல். அதற்கு முன், 1983இல் டேனி மில்லர் 'தொழில்முனைவு நோக்கு' பற்றி எழுதினார். புதுமை செய்வது, துணிந்து இறங்குவது, பிறருக்கு முன்பே செயல்படுவது ஆகியவை அதன் அடையாளங்கள்.

ஏற்றுமதியில் இவை ஏன் முக்கியம்? நம் ஊர் மளிகைக் கடைக்காரர் வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்தே அவரது மனதை அறிவார். ஏற்றுமதியாளருக்கு அந்த வசதி இல்லை. பொருளைப் பயன்படுத்துபவர் கடலுக்கு அப்பால் இருக்கிறார். தேடிப் போய்க் கேட்காவிட்டால், அவருடைய தேவை மாறியது தெரியும் முன்பே ஆர்டர் கைவிட்டுப் போய்விடும்.

பினாங்கின் கதையே இதற்குச் சான்று. 1972இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக மண்டலம் தொடங்கியது. இண்டெல் போன்ற நிறுவனங்கள் வந்தன. கொடுத்த வரைபடத்தின்படி பொருத்திக் கொடுப்பதே அன்று நம்மவர்களின் முக்கிய வேலை. அது பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டது. ஆனால், பொருத்துவதை மட்டும் விற்றால் கூலியில்தான் போட்டியிட முடியும். நம்மைவிடக் கூலி குறைந்த நாடு எப்போதும் ஒன்று இருக்கும்.

வேறு வழியில் போனவர்களும் உண்டு. பத்து காவானில் தலைமையகம் கொண்ட விட்ராக்ஸ் நிறுவனம் 2000இல் தொடங்கப்பட்டது. சிப்புகளிலும் மின்சுற்றுப் பலகைகளிலும் உள்ள குறைகளைக் கேமரா மூலம் கண்டுபிடிக்கும் இயந்திரங்களை அது சொந்தமாக வடிவமைக்கிறது. தொழிற்சாலைகளுக்கு எந்த இடத்தில் சிக்கல் என்று பார்த்து, அதற்கான தீர்வை விற்கிறது. 2005இல் பங்குச் சந்தையில் இடம்பெற்ற அந்த நிறுவனம், இன்று பல நாடுகளுக்கு ஏற்றுமதி செய்கிறது.

இதில் செலவும் ஆபத்தும் உண்டு. புதிய பொருள் தோற்கலாம். ஆராய்ச்சிக்குப் போட்ட பணம் திரும்பாமலும் போகலாம். ஆனால், ஒரே வாடிக்கையாளரை நம்பி இருப்பதும் ஆபத்துதான். அது கடைசி நாள்வரை கண்ணுக்குத் தெரிவதில்லை.

மாணவர்களே, தொழிற்பயிற்சிக்கோ வேலைக்கோ போகும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த நிறுவனத்துக்கு எத்தனை வாடிக்கையாளர்கள்? பொருளைக் கடைசியில் பயன்படுத்துபவர் யார் என்று இங்குள்ளவர்களுக்குத் தெரியுமா? கடந்த மூன்று ஆண்டுகளில் புதிதாக என்ன செய்தார்கள்? சொந்தத் தொழில் தொடங்கும் எண்ணம் இருந்தால், 1993இல் அமைக்கப்பட்ட மெட்ரேட் எனும் வெளி வணிக மேம்பாட்டுக் கழகத்தை அணுகுங்கள். வெளிநாட்டுச் சந்தை பற்றிய தகவல் அங்கே கிடைக்கும்.

அம்மா இப்போது வேறொரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். சென்ற வாரம் அவரிடம் முதல் கேள்வியைக் கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "பெட்டியில ஒட்டுற லேபிள்ல இப்ப நாலு நாட்டுப் பேரு இருக்குடா" என்றார். அன்றிரவு நான் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கினேன்.